ஹிஸ்டரி படித்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

சார், உங்கள் மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு சனிக்கிழமை நீங்கள் மூன்று பேரும் வந்து ஒரு மணி நேரம் பேசினீர்கள். அதில் பாப்பா பேசியது நாலைந்து வாக்கியம்தான். மீதியை அவளுக்காக அம்மா பேசினார். பிஏ ஹிஸ்டரி படிக்கும் அவளை டாக்டராக்கியே தீர வேண்டும் என்று நடுநடுவே உங்கள் மைத்துனர் வாட்ஸ்அப்பில் வந்தார்.

கவலைப்படாதீர்கள், வழி இருக்கிறது என்று அன்று சொன்னேன். பொய்யில்லை. ப்ளஸ் டூ முடித்த பிறகு இயற்பியல், வேதியியல், உயிரியலைக் கூடுதல் பாடங்களாகப் படித்துத் தேறினாலும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. ஆனால் நீட்டின் 720 மார்க்கில் பாதி இயற்பியலும் வேதியியலும். பாப்பா பத்தாவதோடு அறிவியலை விட்டவள். தயாராக இரண்டு வருடம், எம்பிபிஎஸ் நாலரை, அப்புறம் ஒரு வருடம் பயிற்சி. இப்போது 21, எதுவும் தவறாமல் நடந்தாலே 29 நெருங்கிவிடும். அவளே ஆசைப்பட்டிருந்தால் 29 ஒரு வயதே இல்லை, நானே அட்டவணை போட்டுக் கொடுப்பேன். இங்கே ஆசைப்படுவது மைத்துனர்.

வெளிநாட்டில் நீட் இல்லாமலே சேர்த்துவிடலாம் என்கிறாரே, அது நடக்காது. அங்கே படித்துவிட்டு இங்கே டாக்டராக வேலை பார்க்க 2018-லிருந்தே நீட் தகுதி வேண்டும். திரும்பி வந்த பிறகு இன்னொரு தேர்வும் இருக்கிறது. அதற்காக அந்த ஒன்றரை ஏக்கர் நிலத்தை விற்கும் பேச்சை இன்றோடு விடுங்கள். சின்னவன் இன்னும் ப்ளஸ் ஒன்தான்.

கிளம்பும்போது பாப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? தாத்தா ஐசியூவில் இருந்தபோது, வராந்தாவில் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். மருந்து பில்லின் பின்பக்கத்தில் சூரியனும் நிலாவும் வரைந்து, எந்த மாத்திரை எப்போது என்று இவள் புரியவைத்திருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் முகம் மலர்ந்தது. அவளுக்கு ஆஸ்பத்திரி பிடித்திருக்கிறது. அங்கே அவள் கவனம் போனது வராந்தாவில் காத்திருப்பவர்கள் மேல்.

அவர்களோடுதான் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டருக்கு வேலை, அதாவது உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளருக்கு. 2008-ல் விபத்தில் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் சென்னை தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு ஆம்புலன்ஸில் பறந்தது நினைவிருக்கும். அவன் பெற்றோர் டாக்டர்கள், தாங்களாகவே முன்வந்தார்கள். மற்ற குடும்பங்களிடம் யாராவது உட்கார்ந்து பேசியாக வேண்டும். மகன் பைக்கில் அடிபட்டுக் கிடக்கிறான். மானிட்டரில் இதயம் துடிப்பது தெரிகிறது. டாக்டரோ மூளைச்சாவு என்கிறார். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்வார்கள். அந்த இடைவெளியில் அப்பா பத்து தடவை ஒரே கேள்வியைக் கேட்பார். பத்து தடவையும் எரிச்சலில்லாமல் பதில் சொல்ல ஆள் வேண்டும். தானம் செய்யச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. வேண்டாம் என்றாலும் அவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. சம்மதித்தால் படிவத்தில் கையெழுத்து, விபத்து என்றால் போலீஸ், பிரேதப் பரிசோதனை, எந்த உறுப்பு யாருக்கு என்று முடிவு செய்யும் மாநில ஆணையத்துக்குத் தகவல் என்று ஓட வேண்டும். இதயத்தை எடுத்தால் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும்.

உறுப்பு மாற்று செய்யும் மருத்துவமனைகள் இப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2014 விதிகளின்படி டாக்டரோ நர்ஸோதான் வேண்டும் என்றில்லை. எந்தப் பட்டம் பெற்றவரும் வரலாம். சமூகப்பணி, சமூகவியல் போன்றவற்றில் முதுகலை இருந்தால் நல்லது. பிஏ ஹிஸ்டரி முடித்துவிட்டு இரண்டு வருட எம்எஸ்டபிள்யூவில், அதாவது சமூகப்பணி முதுகலையில் சேரட்டும். மருத்துவ, மனநலச் சமூகப்பணிப் பிரிவை எடுத்தால் களப்பயிற்சியே ஆஸ்பத்திரி வார்டில்தான். சென்னை சமூகப்பணிக் கல்லூரி 1952-லிருந்து இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் பயிற்சியை, உறுப்பு தானத்துக்காக இயங்கும் தொண்டு நிறுவனமான மோகன் ஃபவுண்டேஷன் தனியாகவே நடத்துகிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளத்தைக் கேட்டால் மைத்துனர் சிரிப்பார். ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓரிருவர்தான் தேவைப்படும், ராத்திரி இரண்டு மணிக்கும் போன் வரும். இடம் கிடைக்காவிட்டால் அதே எம்எஸ்டபிள்யூவை வைத்து புற்றுநோய், டயாலிசிஸ், மனநலப் பிரிவுகளில் வேலை தேடலாம்.

பணம் கட்டுவதற்கு முன்னால், இந்த வேலையில் இருக்கும் ஒருவரோடு பாப்பா அரை நாள் பேசட்டும். ஏற்பாடு செய்து தருகிறேன், அவள் மட்டும் வந்தால் போதும். மைத்துனரிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் பேசட்டுமா?