சபையிலும் செயலகத்திலும் கேட்டுப் பெற வேண்டியவை: வாசகர் கேள்விகள்

பல கடிதங்களில் ஒரே குறை: வாயால் கேட்டோம், வாயாலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். திகதியிட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள்.

எங்கள் தெரு வடிகானுக்கு நகர சபை செலவிட்ட தொகையைக் கேட்டால், "உங்களுக்கு அது எதற்கு?" என்கிறார்கள். (அட்டன்)

அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் கோரும் பிரஜை காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் யார் என்பதை அலுவலகத்தில் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். யாரையும் நியமிக்கவில்லை என்றால் நிறுவனத் தலைவரே அந்தப் பொறுப்புக்கு உரியவர். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, அடுத்த 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வார அவகாசம். அதன் பிறகும் நியாயம் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். சட்டத்தரணி வேண்டியதில்லை.

"வேலை ஏன் இவ்வளவு மோசம்?" என்று எழுதாதீர்கள், அதற்கு நியாயம் சொல்லி முடித்துவிடுவார்கள். செலவு மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவு வவுச்சர் என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வவுச்சரில் இருக்கும் தொகையை யாரும் மழுப்ப முடியாது.

தமிழில் எழுதினேன், பதில் சிங்களத்தில் வந்தது. (பண்டாரவளை)

அந்தக் கடிதத்தின் பிரதியை இணைத்து, தமிழில் பதில் தரும்படி திரும்ப எழுதுங்கள். அது சலுகை அல்ல. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தரும் உரிமை. பதிவேடுகளின் பிரதியையும் தமிழில் அல்லது தமிழ் மொழிபெயர்ப்புடன் பெறலாம். நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகளும் பதுளை மாவட்டத்தின் பல பிரிவுகளும் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டவை. அசையாவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். வாசிக்க முடியாத படிவத்தில் மட்டும் கையொப்பமிடாதீர்கள்.

அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதியில் இன்னொன்று. ஓய்வு நெருங்குகிறது. (மஸ்கெலியா)

தோட்டப் பெண்களின் கடைசிக் காலப் பணத்தை முடக்குவது பெரும்பாலும் இந்தப் பெயர்க் குழப்பம்தான். பிரசவ விடுதியில் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினார், செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) கிளாக்கர் வேறு விதமாக எழுதினார். அலைவது மட்டும் தொழிலாளி.

அம்மா வேலையில் இருக்கும்போதே தோட்ட அலுவலகம் மூலம் சேமலாப நிதிப் பெயரைத் திருத்தக் கேளுங்கள். வேலையிலிருந்து பெயர் நீங்கிய பின் அதே திருத்தம் இரண்டு மடங்கு கடினம். பிறப்புப் பதிவில் திருத்தம் வேண்டுமானால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பாடசாலைப் பதிவு என்று எந்தப் பெயர் அதிக ஆவணங்களில் இருக்கிறதோ, அதை நோக்கியே மற்றவற்றைத் திருத்துங்கள். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசியும் முடித்து வையுங்கள்.

பிறப்பே பதியப்படவில்லை என்று எழுதிய தலவாக்கலை வாசகருக்கு: முதலில் பதிவு இல்லை என்ற தேடல் முடிவை எழுத்தில் பெறுங்கள். காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ அது வேண்டும்.

தோட்டத்துப் பாதையைப் பிரதேச சபை தொடவே மாட்டேன் என்கிறது. (அக்கரப்பத்தனை)

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி நீண்ட காலம் கைவிரித்தார்கள். 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. தோட்ட நிர்வாகத்துடன் பேசி, தோட்டக் குடியிருப்புகளிலும் சபை வேலை செய்யலாம். ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: இந்தப் பாதை பற்றித் தோட்ட நிர்வாகத்துக்குச் சபை எழுதியதா? எழுதியிருந்தால் பிரதி தாருங்கள். எழுதவே இல்லை என்ற பதில் கிடைத்தால், அதை உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொடுத்து அடுத்த சபைக் கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள்.

ஆதன வரி என் பெயரில்தான் கட்டுகிறேன். வீடு எனக்குச் சொந்தம்தானே? (ஹப்புத்தளை)

இல்லை. வரிப் பதிவேட்டில் பெயர் இருப்பது உரிமைச் சான்று ஆகாது. காணி உறுதியின் இலக்கத்துடன் காணிப் பதிவகத்துக்குப் போய், பதிவேட்டுப் பிரதி எடுத்துப் பாருங்கள். வரியை விட்டுவிடவும் வேண்டாம்: முழு ஆண்டுத் தொகையையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு.