டென்னிஸில் சர்வீஸ் போடும்போது மட்டும் இடுப்பு வலி: எக்ஸ்ரே நார்மல் என்றால் விட்டுவிடலாமா?

கேள்வி: வயது 19. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். கல்லூரி மகளிர் டென்னிஸ் அணியில் ஆடுகிறேன். அப்பா குத்துச்சண்டை வீரராக இருந்தவர். அண்ணன் கால்பந்து ஆடுகிறார். ஒன்றரை மாதமாக சர்வீஸ் போடும்போது இடுப்பின் இடது பக்கம் சுருக்கென்று வலிக்கிறது. படுத்தால் வலி இல்லை. எக்ஸ்ரே நார்மல். ‘சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினால் போய்விடும்’ என்கிறார் அப்பா. எடை போடக் கூடாதென்று இரவில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த மாதம் போட்டி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடலாமா?

பதில்: வேண்டாம். மாத்திரை வலியைத்தான் மறைக்கும். நீவுவதையும் நிறுத்துங்கள்.

சுளுக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தணிந்துவிடும். ஒரே பக்கம், ஒரே இடம், பின்னால் வளையும்போது மட்டும் என்று ஆறு வாரமாக நீடிக்கிற வலியை, இந்த வயது விளையாட்டு வீரருக்கு, முதுகெலும்பில் மயிரிழை விரிசல் இல்லை என்று உறுதியாகும் வரை விரிசலாகவே பார்க்க வேண்டும். வேகப்பந்து வீச்சாளர்கள் பலருக்கு வருவதும் இதுதான். கிக் சர்வீஸில் (தரையில் பட்டதும் பந்து உயர எழும்பும்படி சுழற்றி அடிப்பது) பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் போடுகிறீர்கள். உடம்பு ஒரே நொடியில் பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்புகிறது. அந்தச் சுமை இடுப்பின் ஐந்தாவது முள்ளெலும்பின் பின்பக்கம் உள்ள மெல்லிய எலும்புப் பாலத்தில் (பார்ஸ்) இறங்குகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவதைப் போலத்தான்.

ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. தேவை. வழக்கமாக டிஸ்க்குக்கு எடுக்கும் ஸ்கேனில் இது தவறிப்போகலாம். அதனால் சீட்டில் ‘பார்ஸ் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் சந்தேகம், ஸ்டிர் படங்களும் தேவை’ என்று மருத்துவரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்டிர் என்பது எலும்புக்குள் நீர்க்கோப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. எலும்பு முறிவுப் பிரிவில் காட்டலாம்.

விரிசல் என்றால் சுமார் மூன்று மாதம் ஆட்டம் இல்லை. ஓட்டம், குதிப்பு, அப்பா சொல்லித் தந்த ஸ்கிப்பிங், சிட்-அப் எதுவும் கூடாது. வலிக்காத வரை நடக்கலாம். புஜங்காசனம், சக்கராசனம் கண்டிப்பாக வேண்டாம். யோகா முதுகுக்கு நல்லது என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். வலி அடங்கியதும் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் சைடு பிளாங்க் (ஒருக்களித்து முன்கையில் ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்துவது; 20 விநாடி, பக்கத்துக்கு மூன்று முறை), பேர்ட் டாக் (மண்டியிட்டுக் கையூன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது), தொடைப் பின்தசை நீட்டல் தொடங்கலாம். இப்போதே பிடித்துவிட்டால் எலும்பு ஒன்றுசேர நல்ல வாய்ப்பு உண்டு. ஆடிக்கொண்டே இருந்தால் இரண்டு பக்கமும் விரிந்து, எலும்பு முன்னால் நழுவவும் கூடும்.

அந்த இரண்டு சப்பாத்தி விஷயத்துக்கு வருவோம். குத்துச்சண்டையில் எடைப் பிரிவு உண்டு, டென்னிஸில் கிடையாது. மாலைப் பயிற்சி முடித்து வந்து இப்படிச் சாப்பிட்டால் எலும்பைப் பழுதுபார்க்க உடம்பிடம் எதுவும் மிஞ்சாது. மாதவிடாய் தள்ளிப்போகிறதா? மூன்று மாதமாக வரவில்லை என்றால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். சாப்பாடு போதாமல் மாதவிடாய் நின்றால் எலும்பும் பலமிழக்கும்; விரிசலுக்குக் காரணமே அதில் இருக்கலாம். ஒரு நாளைக்கு 1,000 மி.கி. கால்சியம் வேண்டும். 200 மி.லி. பாலில் சுமார் 240, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 கிடைக்கும். காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள். வைட்டமின் டி அளவைப் பாருங்கள். 60,000 யூனிட் மாத்திரையை நீங்களாகவே வாங்கிப் போட வேண்டாம்.

திரும்பி வரும்போது முதலில் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பாதி வேகத்தில் 10–15 சாதாரண சர்வீஸ். கிக் சர்வீஸ் கடைசியில்தான், அதுவும் பந்தைக் கொஞ்சம் முன்னால் தூக்கிப் போடப் பழகிய பிறகு. மறுநாள் காலை வலித்தால் முந்தைய கட்டத்துக்குப் போங்கள்.

கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, காய்ச்சலோடு இரவிலும் வலித்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.