மறு: 1913இல் என் நாயகன் சீனப் பிரதமர் ஆவது ஒட்டவில்லையே?

உங்கள் மாற்று வரலாற்றுக் கதையில், அரசியல் தலைவர் சோங் ஜியாவ்ரென் (நிஜத்தில் 1913இல் சுடப்பட்டு இறந்தவர்) குண்டுக்குத் தப்பியதும், உங்கள் நாயகனான ஹுனான் மாகாண இளைஞன் அதே வருஷம் பிரதமர் என்கிறீர்கள். இடிப்பது அங்கேதான். தேர்தலில் ஜெயித்தது சோங்கின் கட்சியான குவோமிண்டாங். படையோ தற்காலிக ஜனாதிபதி யுவான் ஷிகாய் கையில்.

பையனை 1909இல் சாங்ஷா நகரில் ஹுனான் மாகாண சபையில் எழுத்தராகத் தொடங்குங்கள். சோங் சுடப்பட்ட 1913 மார்ச் 20 இரவு, ஷாங்காய் ரயில் நிலையத்தில் சோங்கின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கட்டும் (சோங்கும் ஹுனான்காரர்தானே). அடுத்த மாதமே யுவான் நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் அந்நிய வங்கிகளிடம் 2.5 கோடி பவுண்டு கடன் வாங்கினார். ஈடு, உப்பு வரி. அந்தக் கணக்கைத் தோண்டித்தான் அவன் பெயரெடுக்க வேண்டும். பிரதமர் நாற்காலியா? 1916இல் யுவான் சாகட்டும், அப்புறம் பார்க்கலாம்.