பாக்குவெட்டியால் வெட்டிய குளிசை

கேள்வி: யாழ்ப்பாணம் டவுனில் ஒரு புடவைக்கடையில் 9 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 32. 2022இல் பெற்றோல் இல்லாமல் வியாபாரம் படுத்தபோது, "கொஞ்ச நாளைக்கு அரைநாள் வாரும்" என்றார் முதலாளி. இன்னும் அரைநாள்தான், 10 மணியிலிருந்து 2 மணி வரை. சனம் கூடினால் பின்னேரமும் போன் பண்ணிக் கூப்பிடுவார். 34,000 ரூபாய் சம்பளம் 17,000 ஆகிவிட்டது. அரைநாள் ஆட்களுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இல்லை என்று அதையும் நிறுத்திவிட்டார். அப்பாவுக்குப் பழக்கமானவர் என்பதால் கேட்க வெட்கமாக இருக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கும் கஷ்டம், அதனால் அவரிடம் சொல்லவில்லை. சீட்டுக்காசு 5,000 மட்டும் தவறாமல் கட்டுகிறேன். அம்மா பிரஷர் குளிசையைப் பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டிப் போட்டு எப்படியோ சமாளிக்கிறார். இப்போது ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. அரைநாள் வேலை என்றால் சீதனம் கூடக் கேட்பார்கள் என்கிறார் மாமி. முழுநேர வேலை என்று சொல்லலாமா?
- வாசகி, சுன்னாகம்

பதில்: சொல்லாதேயும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பின்னேரம் அந்தக் கடைக்குச் சாறி எடுக்க வந்தாலே விஷயம் வெளியில் வந்துவிடும். நீர் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். இனி, கேட்காமல் விட்டதற்கு வருகிறேன்.

"எப்படியோ சமாளிக்கிறார்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் சம்பந்தத்துக்குப் போய்விட்டீர். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. பாக்குவெட்டியில் குளிசை நடுவால் வெட்டுப்படாது. ஒரு துண்டு பெரிதாகவும் மற்றது சின்னதாகவும் விழும், மிச்சம் மாவாகி அலகில் ஒட்டிக்கொள்ளும். சின்னத் துண்டை இன்றைக்குப் போட்டுவிட்டு, பெரியதை நாளைக்கென்று கடதாசியில் சுற்றி வைப்பார். சில குளிசைகள் வயிற்றில் மெல்ல மெல்லக் கரையும்படி செய்தவை, அவற்றை வெட்டவே கூடாது. குளிசையைக் குறைத்துப் போட்டுப் பாரிசவாதம் வந்து கிடந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த மகள்மாரையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஆகிவிட்டால் இந்த அரைநாள் வேலைக்குக்கூட உம்மால் போக முடியாது.

சம்பளம் பாதியானபோது வீட்டில் எதைப் பாதியாக்கினீர்? சீட்டு முழுசாகப் போகிறது. மருந்துதான் பாதியானது. கலியாணத்துக்கென்று சேர்க்கிறீர், விளங்குகிறது. ஆனால் தாயின் குளிசையில் மிச்சம் பிடித்துச் சீதனக்காசு சேர்க்கிற வழக்கம் எந்த வீட்டிலும் இருக்கக்கூடாது. சீட்டுப் பிடிக்கிறவரிடம் போய், இந்த முறை எனக்குத் தாரும் என்று கேளும். தராவிட்டால் யாருக்காவது மாற்றிக் கொடும்.

அண்ணாவிடம் சொல்லவில்லையாம். அவரும் அந்தத் தாயின் பிள்ளைதானே? கனடாவில் வாடகையும் குளிரும் சுகமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அம்மா அரைக்குளிசையில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று முடிவெடுக்கும் கடமையும் இருக்கிறது. இரண்டையும் நீர் மறித்து வைத்திருக்கிறீர். அதை விட்டுக்கொடுப்பு என்று நினைக்கிறீர், எனக்கு அது ரோசமாகத்தான் தெரிகிறது. அந்த ரோசத்தின் விலையை அம்மா கட்டுகிறார்.

சரி, முதலாளிக்கு வருவோம். 2022 செப்டெம்பரில், சாமான்களின் விலையேற்றத்தை அளக்கிற கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஒரு வருடத்துக்கு முந்தியதைவிட ஏறத்தாழ 70 வீதம் ஏறி நின்றது. அன்றைக்குக் கடையைத் திறந்து வைத்திருந்ததே பெரிய காரியம். ஆனால் பெற்றோல் வரிசை முடிந்து எவ்வளவு காலம்! கடை முழுநாளும் திறந்திருக்கிறது, நல்லூர்த் திருவிழா வந்தால் சனம் முட்டுகிறது, உமக்கு மட்டும் இன்னும் 2022.

ஈ.பி.எஃப். பற்றி அவர் சொன்னது பிழை. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. நிரந்தரமோ தற்காலிகமோ, நாட்கூலியோ, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே கட்டவேண்டும். உம்முடைய சம்பளத்தில் 8 வீதம், அவருடைய கையிலிருந்து 12 வீதம், அதற்கு மேல் ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) என்று அவரே கட்டவேண்டியது 3 வீதம். 17,000க்கு அவருடைய பங்கு மட்டும் மாதம் 2,550 ரூபாய், வருடத்துக்கு 30,600. அதில் ஈ.பி.எஃப். பங்கு, பெண்கள் 50 வயதில் எடுக்கக்கூடிய காசு. அப்பாவுக்குப் பழக்கமானவர் என்றால், அப்பாவின் பிள்ளைக்குச் சேரவேண்டியதை அவரே முதலில் கட்டியிருக்கவேண்டும். பிந்திக் கட்டுகிறவருக்கு அபராதமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் தொழில் திணைக்கள அலுவலகம் இருக்கிறது, பழைய சம்பளத் துண்டுகளையும் அங்கத்துவ இலக்கத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு பேசும்.

அந்தப் பின்னேரப் போனும் எனக்குப் பொறுக்கவில்லை. பாதிச் சம்பளத்துக்கு உம்முடைய முழு நாளையும் அவர் பிடித்து வைத்திருக்கிறார். எப்போது கூப்பிடுவாரோ என்று இருப்பதால்தான் வேறு வேலையும் நீர் தேடவில்லை. நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இல்லை என்று எண்ணும்போதும் நீர் அதில் வரமாட்டீர். கிழமைக்கு 1 மணித்தியாலம் உழைத்தவரும் அந்தக் கணக்கெடுப்பில் தொழில் உள்ளவர்தான். ஆகவே இதை வேறு யாரும் கவனிக்கப்போவதில்லை, நீர்தான் வாய் திறக்கவேண்டும். "ஒன்றில் முழுநாள் தாருங்கள், இல்லையென்றால் 2 மணிக்குப் பிறகு கூப்பிடாதேயுங்கள்" என்று சொல்லும். சுன்னாகம் சந்தையைச் சுற்றி, கணக்குக் கொப்பியை ஒழுங்காக எழுத ஆளில்லாத கடைகள் எத்தனை! ஓ.எல். பிள்ளைகளுக்கு வணிகக்கல்வி சொல்லிக்கொடுக்கவும் உம்மால் முடியும். 9 வருட அனுபவத்தை மாமி சீதனக் கணக்கில் குறைவாகப் போடுகிறார் என்பதற்காக நீரும் குறைவாகப் போடவேண்டாம். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் அரைநாள் வேலை என்றே சொல்லும். அதற்குக் கூடுதலாகக் காசு கேட்கிற வீட்டில் உம்முடைய அம்மாவின் குளிசைக்கு யார் காசு தருவார்கள்?

இன்றிரவே அண்ணாவுக்குப் போன் எடும். அடுத்த கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்காமல், நாளை காலையே கிளினிக் கொப்பியுடன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போம். எத்தனை நாளாக வெட்டிப் போடுகிறார் என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லும். வெளியில் வாங்கக் கட்டாது என்றும் சொல்லும். ஆஸ்பத்திரியில் இருக்கிற வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். 10 மணிக்குக் கடைக்குப் போக முடியாமல் போனால், ஏன் வரவில்லை என்று முதலாளியிடம் உள்ளதைச் சொல்லும்.

பாக்குவெட்டியை எடுத்து அலுமாரிக்கு மேல் வையும். அம்மாவுக்கு வெற்றிலைக்குப் பாக்கு வேண்டுமென்றால் நீரே சீவிக் கொடும்.