எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மறதிநோய்க்கான பார்வைச் சோதனையை (கண் பார்ப்பதை மூளை புரிந்துகொள்கிறதா என்று அறிவதை) எப்படி அமைப்பது?

வழக்கமான சோதனைபோலக் கடிகாரம் வரைந்து 11.10 மணி காட்டச் சொன்னால், பள்ளிக்கூடம் போகாத காரைக்குடி ஆச்சி பென்சில் பிடிக்கவே தடுமாறுவார். அது நோயல்ல, பழக்கமின்மை. வரைய வைக்காமல் சொல்ல வையுங்கள்.

சொம்பு, அரிவாள்மணை, குத்துவிளக்கு மூன்றின் கோட்டுப்படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட அட்டை தயார் செய்யுங்கள். முதலில் தனித்தனியாகக் காட்டுங்கள். அதுவே தெரியவில்லையா? கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகத் தெரிந்து, பின்னிக்கிடக்கும்போது மட்டும் பிரிக்க முடியாவிட்டால் மூளைப் பக்கம் சந்தேகம். பெயர் வராமல் “ஏத்துவோமே, அது” என்றாலும் மதிப்பெண் கொடுங்கள். சோதிப்பது பார்வையை, சொல்லை அல்ல.

கண்ணாடி போட்டு, முற்றத்து வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். அட்டையை ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்தால் பூவேலை குழப்பும். கீழே வெள்ளைத் துணி விரியுங்கள். பேரப்பிள்ளைகள் விடை சொல்லிக் கொடுக்காமல் தடுப்பதுதான் பெரும்பாடு! எத்தனை தவறு வரை சரி என்பதை, அதே ஊரில் நல்ல நினைவோடு இருக்கும் அதே வயதுக்காரர்களிடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.