தொந்தரவே தராத 240 என்ன செய்யும்?

ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 160, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 240, ஆனால் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, இது அப்படி என்னதான் செய்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. கையை நீட்டிக்கொண்டே பலரும் கேட்கிற கேள்விதான் இது.

ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்க ஆரம்பிக்கும். அடிக்கடி சிறுநீர், தாகம், எடை குறைவது எல்லாம் அதற்கு அப்புறம் வருவது. உங்களுக்குச் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம்தான் அந்த அளவைத் தாண்டுகிறது போல. ஆனால் வெறும் வயிற்றில் 126 வந்து, மறுமுறை பார்த்தும் அப்படியே இருந்தால் அது சர்க்கரை நோய். அந்த 126 சும்மா வைத்த எண் கிடையாது. அதை ஒட்டிய அளவிலிருந்தே விழித்திரையில் பாதிப்பு கூடுவதைப் பார்த்துத்தான் வைத்தார்கள்.

அடி விழுவது முதலில் மெல்லிய ரத்தக்குழாய்களில். அதனால்தான் கண், சிறுநீரகம், நரம்பு. பெரிய குழாய்களுக்கும் போனால் மாரடைப்பு, பக்கவாதம்.

நரம்பு விஷயத்தை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர் ரத்தம் கொடுக்க உள்ளே வந்தார், ஒரு காலில் மட்டும் செருப்பு. "ஐயா, இன்னொண்ணு எங்கே?" என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "அட, வரும்போது இருந்துச்சே" என்றார். வாசல் படியில் கழன்று கிடந்தது. செருப்பு கழன்றதே தெரியாத காலுக்கு முள் குத்தினால் மட்டும் தெரியுமா? புண் பெரிதாகி, சீழ் வைத்த பிறகுதான் வீட்டில் யாராவது கவனிப்பார்கள்.

சர்க்கரையோடு யாரும் சேர்த்துப் பார்க்காத சிலதும் உண்டு. கையைத் தூக்க முடியாமல் தோள்பட்டை இறுகுவது, ஈறு வீங்கிப் பல் ஆடுவது, தொடை இடுக்கில் திரும்பத் திரும்ப வரும் படை. காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் உப்பி வற்றுவதால் பார்வை மங்கி, பவரும் மாறும். புதுக் கண்ணாடி போடுவதாக இருந்தால் அளவு கட்டுக்குள் வந்து சில வாரம் ஆகட்டும், காசு மிச்சம்.

அடுத்த முறை எச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சராசரியையும் பாருங்கள். முந்தின ராத்திரி பட்டினி கிடந்து வருகிறவர்கள் இங்கே நிறைய பேர். இந்தப் பரிசோதனையிடம் அது பலிக்காது. ரத்தசோகை இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், எண் மாறிக் காட்டலாம். பிரிட்டனில் 1977-ல் தொடங்கி 20 ஆண்டுகள் நடந்த ஆய்வில், இந்தச் சராசரி 7.9 சதவீதம் இருந்தவர்களைவிட 7 சதவீதம் இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் கால்வாசி குறைவு. ஒரு புள்ளிகூட முழுசாக இல்லாத வித்தியாசம் அது.

அதற்காக மாத்திரையை நீங்களே கூட்டிப் போட்டுவிடாதீர்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, சில சமயம் மயக்கம் என்று உடனே ஆபத்து.

சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின் (இரண்டும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும்), கால் பரிசோதனை, விழித்திரைப் பரிசோதனை எல்லாம் இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். விழித்திரை பார்க்கச் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் கண் கூசும். வண்டி ஓட்ட ஆள் கூட்டிக்கொண்டு போங்கள்.