ஹண்டிங்டன் நோயும் அறிவாற்றல் சோதனையும்: கேள்வி பதில்

ஹண்டிங்டன் என்பது கைகால் தன்னிச்சையாக ஆடுவதும் அறிவாற்றல் சரிவதுமான பரம்பரை மூளை நோய். அதன் ஆராய்ச்சி, குறிப்பாக அறிவாற்றலை அளப்பது பற்றிய கேள்விகளுக்குத்தான் இங்கே பதில். மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியவர்கள் தங்கள் நரம்பியல் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி): எம்.எஸ்சி. உளவியல் முடிக்கப் போகிறேன் மேடம். பரம்பரை மூளை நோய் ஆராய்ச்சிக்கு வர ஆசை. பயோடெக் படிக்காமல் அது நடக்காது என்கிறார்கள்.

இந்தத் துறையின் மிகப் பெரிய களப்பணியை நடத்தியவரே உளவியல்காரர்தான். நான்சி வெக்ஸ்லர் 1974-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய அம்மாவுக்கு ஹண்டிங்டன் இருப்பது 1968-ல் தெரியவந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு.

வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்களில் இந்த நோய் குவிந்து கிடப்பதை அமெரிக்கோ நெக்ரெட்டே என்ற மருத்துவர் 1950-களிலேயே அடையாளம் கண்டிருந்தார். வெக்ஸ்லர் 1979-ல் முதலில் போனார், 1981 முதல் வருஷந்தோறும் ஒரு குழுவோடு போனார். பத்துத் தலைமுறை, 18,000 பேருக்கும் மேல் அடங்கிய வம்சாவளி. 4,000-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள். மாதிரிகள் பாஸ்டனில் ஜேம்ஸ் குசெல்லாவின் ஆய்வகத்துக்குப் போயின. 1983-ல் நாலாவது குரோமோசோமில், நோய் மரபணு அருகில் இருப்பதைக் காட்டும் அடையாளக்குறி கிடைத்தது. அதிலிருந்து மரபணுவைப் பிடிக்க 1993 ஆகிவிட்டது.

அந்த ஊர்க்காரர்கள் தோல் மாதிரி தரத் தயங்கியபோது, தன் கையில் அதே மாதிரி எடுத்த தழும்பை வெக்ஸ்லர் காட்டினார். குழுவிலிருந்த செவிலியர் அந்தக் கையைப் பிடித்து எல்லாருக்கும் காட்டி, 'இவளுக்கும் தழும்பு இருக்கு' என்று சொன்னதாகப் பதிவு. 2020-ல் தனக்கும் நோய் இருப்பதை வெக்ஸ்லர் வெளியே சொன்னார்.

நீங்கள் கற்க வேண்டியது: வம்சாவளி எழுதுவது, சோதனையை எழுதிவைத்த சொற்களில் மட்டும் நடத்துவது, ஒரே ஆளைப் பல வருஷம் அளந்த தரவைக் கையாளும் புள்ளியியல். கடைசியானதைத் தள்ளிப்போடாதீர்கள். வம்சாவளியில் ஒரு தகப்பன் தவறாகப் பதிவானாலும் மரபணு இணைப்புக் கணக்கு சாய்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

கேள்வி (சேலம்): வயது 31. சிஏஜி 42 என்று ரிப்போர்ட். எத்தனை வயதில் ஆரம்பிக்கும்?

மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதுதான் அந்த எண். 26 வரை சாதாரணம். 27 முதல் 35 வரை இடைநிலை: இவருக்கு வராது, ஆனால் அடுத்த தலைமுறையில் நீளலாம். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 40-ம் அதற்கு மேலும் என்றால் வழக்கமான ஆயுள் இருந்தால் வரும்.

ஆராய்ச்சியில் வயதை (சிஏஜி − 30) ஆல் பெருக்கி 6.49-ஆல் வகுப்போம். விடை 100-ஐத் தொடும் வயதுதான் நோய் கண்டறியப்படும் சராசரி வயது என்று எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு 31 × 12 ÷ 6.49, ஏறக்குறைய 57; இது வயது அல்ல, அந்த 100-ஐ நோக்கிய மதிப்பெண். இந்தச் சூத்திரத்தின் வேலை, ஒத்த நிலையில் இருப்பவர்களை ஒரே ஆய்வுக்குழுவில் சேர்ப்பது. ஒரே 42 உள்ள இருவருக்கு நோய் தொடங்கும் வயது பத்து, பதினைந்து வருஷம் விலகியிருக்கலாம். டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் ஃபான்1, எம்எல்எச்1 போன்ற மரபணுக்கள் அந்த வயதை முன்னும் பின்னும் தள்ளுவது 2015 முதல் தெரியும். ஆகவே எண்ணை வைத்து உங்களுக்கு வருஷம் குறிக்காதீர்கள். மரபியல் ஆலோசகரிடம் போங்கள்.

கேள்வி (ஓசூர்): எனக்கு சிஏஜி 44. எப்போது?

மேலே உள்ள பதில்தான். எண்ணை வைத்து வருஷம் குறிக்காதீர்கள்.

கேள்வி (தூத்துக்குடி): அண்ணனுக்கு எம்எம்எஸ்இ-யில் 30-க்கு 29. அப்படியானால் புத்தி நன்றாகத்தானே இருக்கிறது?

அந்தச் சோதனை தேதி, இடம், நினைவு எல்லாம் கேட்கும். திட்டமிடுதலையும் வேகத்தையும் அனேகமாகத் தொடாது. ஹண்டிங்டனில் முதலில் சரிவது அந்த இரண்டும்தான்.

கேள்வி (சென்னை, ஆய்வு மாணவர்): பிசிஆர் ரிப்போர்ட்டில் 17 என்று ஒரே ஒரு சிகரம். நெகட்டிவ் என்று எழுதலாமா?

உடனே எழுதாதீர்கள். பிசிஆர் மரபணுத் துண்டைப் பெருக்கி நீளம் பார்க்கும் சோதனை. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலும் சிஏஜி 17 இருந்தால் ஒரே சிகரம்தான் வரும். நீண்ட பிரதி பெருகாமல் போயிருந்தாலும் ஒரே சிகரம்தான் வரும், இதுதான் ஆபத்து. நீண்ட பிரதியைக் காட்டிக்கொடுக்கும் டிரிப்லெட் பிரைம்டு பிசிஆர் போட்டுப் பாருங்கள். நீண்ட பிரதி இருந்தால் பல்வரிசை போல ஒரு நீண்ட வால் இறங்கும். பெற்றோரின் மாதிரி இருந்தால் ஒப்பிடுங்கள். ரத்தத்தை இடிடிஏ குழாயில் எடுங்கள். ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும்.

கேள்வி (பெங்களூரு): கையும் காலும் ஆடத் தொடங்கிய நாளைத்தானே நோய் தொடக்கம் என்கிறோம்?

பழைய வழக்கம் அது. அசைவுகள் இந்த நோயால்தான் என்று மருத்துவர் 99 சதவீதம் உறுதியாகச் சொன்ன நாளைக் குறித்தோம். ஆனால் அறிவாற்றல் மாற்றங்கள் அதற்குப் பல வருஷம் முன்பே அளவில் தெரிகின்றன. எனவே 2022-ல் படிநிலை மாறியது. மரபணு மட்டும் இருப்பது நிலை 0. மூளை ஸ்கேனில் காடேட், புட்டமென் என்ற உட்பகுதிகள் சுருங்கினால் நிலை 1. அசைவு கெட்டாலோ, சின்ன-இலக்க சோதனை (சின்னத்துக்கு உரிய இலக்கத்தை வேகமாகக் கண்டு சொல்வது) மதிப்பெண் சரிந்தாலோ 2. அன்றாட வேலை பாதித்தால் 3. இது ஆராய்ச்சிக்கான பகுப்பு. ஒருவரிடம் போய் 'நீங்கள் நிலை 1' என்று சொல்வதற்கானது அல்ல.

கேள்வி (மதுரை, மருத்துவ உளவியல்): சின்ன-இலக்க சோதனை, ஸ்ட்ரூப், எழுத்துச் சரளம் மூன்றையும் தமிழில் எப்படி எடுப்பது?

சின்ன-இலக்க சோதனையில் ஒன்பது சின்னங்களுக்கு ஒன்பது இலக்கங்கள், 90 வினாடி. மொழிச் சிக்கல் குறைவு. விடையை எழுதச் சொல்லும் வடிவம் எடுத்தால் ஆடும் கையையும் சேர்த்து அளக்கிறீர்கள். டெட்ராபெனசின் (அசைவைக் குறைக்கும் மருந்து), மனநோய் மருந்து, தூக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் அன்றே பதிவு செய்யுங்கள். இரண்டாம் முறை எடுத்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும். ஆகவே முதல் முறையை ஒத்திகையாக வைத்து, இரண்டாவதை அடிப்படையாக எடுங்கள்.

ஸ்ட்ரூப் வாசிப்பு என்பது நிறப் பெயர்களை வேகமாகப் படிப்பது, 45 வினாடி. 'சிவப்பு' மூன்று அசை; 'ரெட்' ஒன்று. தமிழ் மதிப்பெண் குறையும். அது நோயால் அல்ல. அதே படிப்பு, அதே வயதுள்ள தமிழ் வாசகர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எழுத்துச் சரளம்தான் தொல்லை. 'க-வில் தொடங்கும் சொற்கள், ஒரு நிமிஷம்' என்றால் ஒருவர் கல், கண், கடல் என்றே நிற்பார். இன்னொருவர் கிளி, குடம், கோழி என்று முழு வரிசையையும் ஓட்டுவார். அந்த வித்தியாசத்தைக் கிளப்பியது உங்கள் கட்டளை, அவர்களுடைய மூளை அல்ல.

கேள்வி (கோவை, பேச்சு சிகிச்சையாளர்): இவ்வளவு சிக்கல் எதற்கு? விலங்குப் பெயர் சொல்லச் சொன்னால் முடிந்ததே.

பாதி உங்கள் பக்கம் நியாயம். எழுத்துக் கல்வி குறைந்தவர்களுக்கு விலங்குதான் சரி; உலகளாவிய என்ரோல்-எச்டி ஆய்வின் அடிப்படைத் தொகுப்பிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் எழுத்துச் சரளம் வேறு வேலையை அளக்கிறது. பொருளைத் தேடாமல் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு சொல்லைத் தேட வேண்டும். முன்மூளைச் சுற்று அங்கேதான் திணறும். இரண்டையும் எடுங்கள்.

கேள்வி (மதுரை, மீண்டும்): 'குண்டு', 'கவனம்' எல்லாம் வாயில் வேறு ஒலியாக வருகிறதே. சேர்ப்பதா?

நல்ல கேள்வி. படித்தவர் எழுத்தை நினைப்பார், படிக்காதவர் ஒலியை நினைப்பார். எழுத்தில் க இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். காபி, கார் போன்றவையும் சேரும். பேச்சில் வாழும் சொல் சொல்தான்.

கேள்வி (தஞ்சை): என் எண் 40. கிட்டத்தட்ட எந்த வயது, தோராயமாகச் சொன்னால் போதும்.

தோராயமாகவும் இல்லை.

கேள்வி (ஈரோடு): மஞ்சள், கோ-என்சைம் க்யூ10 இவை உதவுமா?

க்யூ10-ஐ நாளுக்கு 2,400 மில்லிகிராம் வீதம் பெரிய ஆய்வில் கொடுத்துப் பார்த்தார்கள், பயன் இல்லை. மஞ்சள் குழம்பில் இருக்கட்டும்.

கேள்வி (திருப்பூர்): பன்னிரண்டு வயது மகனுக்கு இப்போதே சோதனை செய்யலாமா?

அறிகுறி இல்லாத சிறுவருக்குச் செய்யக் கூடாது. 18 ஆனபின் அவன் முடிவு செய்யட்டும். அறிகுறி ஏதேனும் தெரிந்தால் அது வேறு கதை, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கோவை, மீண்டும்): சரி, இரண்டையும் எடுக்கிறேன். 'கண், கண்கள், கண்ணில்' என்றால் மூன்றா?

ஒன்று. வேற்றுமை, பன்மை, திணை-பால் விகுதி மாறினால் புதுச் சொல் ஆகாது. 'கடை', 'கடைக்காரர்' ஒன்றா இரண்டா என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். நடுவில் மாற்றினால் வருஷக் கணக்கான தரவு வீண். கட்டளையில் உதாரணத்துக்கு க-வைத் தொடாதீர்கள்: 'ம என்றால் மரம், மீன், மோர் எல்லாம் சேரும்' என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஒலிப்பதிவு செய்து, 15 வினாடிக்கு ஒரு கோடு போட்டு எண்ணுங்கள். முதல் 15 வினாடியில் கொட்டிவிட்டு அப்புறம் நின்றுபோகிறாரா, முதலிலேயே திணறுகிறாரா என்பது மொத்த எண்ணில் தெரியாது. இருவர் தனித்தனியாக எண்ணட்டும்.